ஊமத்தை தந்த மூச்சு

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் கலந்து, சைதாப்பேட்டையைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. இந்தப் பக்கத்துத் தரிசுகளிலும் குப்பைமேடுகளிலும் ஊமத்தை தானாகவே முளைத்துக் கிடக்கும். ஆடுமாடுகள் அதில் வாய் வைப்பதில்லை. பித்தன் என்று பெயர் வாங்கிய சிவபெருமான் ஒருவர்தாம் அதன் பூவைத் தலையில் சூடத் துணிந்தவர். அந்த நச்சுச் செடிக்கும், ஆஸ்த்துமாக்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் இன்ஹேலருக்கும் உறவு உண்டு என்றால் நம்புவீர்களா? அந்த உறவுக்கு வழி செய்தது நம் சென்னைப் பட்டணம்தான்.

ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் கும்பினியாரின் சென்னைத் தலைமை வைத்தியர். செடி கொடிகளில் மோகம் கொண்டவர். சாயப்பூச்சி வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டைப் பக்கம் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டவர். ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் இரைப்பு தணியும் என்று 1802-ஆம் வருஷம் ஜெனரல் ஜென்ட் என்ற இராணுவ அதிகாரிக்கு அவர் சொன்னார். வைத்தியம் இந்த நாட்டினுடையது, துரைமார் கற்றுக்கொண்டார்கள். ஜென்ட் அதைச் சீமைக்குக் கொண்டுபோனார். பிறகு ஊமத்தைச் சிகரெட்டுகள் ஐரோப்பியக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்ஸெல் புரூஸ்டும் அத்தகைய புகையை நாடியவர்தாம்.

புகை என்ன செய்தது? மூச்சுக்குழாயைச் சுற்றி மெல்லிய தசை ஓடுகிறது. வேகஸ் நரம்பு, அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தூது அனுப்பி, அந்தத் தசையை இறுகச் செய்கிறது. ஊமத்தையிலுள்ள அட்ரோபின், தூது வந்து சேரவேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. தசை தளர்கிறது. ஆனால் அதே அட்ரோபின் மூளைக்கும் ஏறும். பிதற்றல் வரும், அளவு மீறினால் உயிரே போகும். ஆகையால் ஒருவரும் இதைச் சோதித்துப் பார்க்கவேண்டாம். 1970-களில் ஜெர்மானியர் அட்ரோபினைச் சற்றே மாற்றி, மூளைக்குள் எளிதில் புகாத இப்ரட்ரோபியத்தைக் கொண்டுவந்தார்கள். பித்தம் போயிற்று, மூச்சு நின்றது. அதன் தம்பியான டையோட்ரோபியம் இன்று சில கூட்டு இன்ஹேலர்களில் இருக்கிறது.

மற்றொரு வழி அட்ரினலின் வழி. பயந்தால் நம் உடம்பில் சுரக்கிற அதே அட்ரினலின்தான். அது மூச்சுக்குழாயை விரிக்கும். அதன் சாயலில் மருந்துகள் செய்தார்கள். தலைக்கு அடிக்கிற வாசனைத் திரவம் போல் இதையும் அடிக்கும்படி செய்யக்கூடாதா என்று ஓர் அமெரிக்க மருந்துக் கம்பெனித் தலைவரின் பதின்மூன்று வயது மகள் கேட்டாளாம். 1956-இல் கைப்பம்ப் கடைக்கு வந்தது. 1969-இல் சால்ப்யூட்டமால் வந்தது. சில நிமிஷங்களில் மூச்சு திரும்பியது. இதைவிட வேறென்ன வேண்டும்?

வேண்டியிருந்தது. 1960-களில் இங்கிலாந்தில் பம்ப் விற்பனை பெருகியபோது, இளம் வயது ஆஸ்த்துமா மரணங்களும் பெருகின. காரணத்தைப் பற்றி வைத்தியர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். ஆனால் ஒன்று மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. தசை இறுகுவது வியாதியின் ஒரு பாதிதான். குழாயின் உட்சுவர் வெந்து வீங்கிக் கிடப்பதுதான் மறுபாதி. வீட்டுக்குள் தீப்பிடித்திருக்கையில் கதவை மட்டும் திறந்துவிட்டால் போதுமா?

தீயை அணைப்பது ஸ்டெராய்டு. உறிஞ்சும் ஸ்டெராய்டான பெக்லோமெதாசோன் 1972-இல் வந்தது. பிறகு வந்த புடசோனைடும் அந்த இனமே. அது உயிரணுவின் கருவுக்குள் சென்று, வீக்கத்தை உண்டாக்கும் பொருள்களின் உற்பத்தியை அடக்குகிறது. முழுப்பலன் தெரிய நாட்கள், வாரங்கள் ஆகும். உறிஞ்சியவுடன் ஒன்றும் தெரியாது. அதுதான் அதன் துரதிருஷ்டம். உடனே சுகம் தருகிற மருந்தை மனிதன் நம்புகிறான். சத்தமில்லாமல் காப்பாற்றுகிற மருந்தை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோகிறான்.

கூட்டு இன்ஹேலர் இந்த மனித சுபாவத்தை அறிந்து செய்த ஏற்பாடு. 2000-ஆம் வருஷத்தை ஒட்டி, புடசோனைடையும் ஃபார்மோடிராலையும் ஒரே குப்பியில் அடைத்தார்கள். பின்னது சில நிமிஷங்களில் குழாயை விரித்து, பன்னிரண்டு மணி நேரம் காக்கும். சுகத்தைத் தேடி உறிஞ்சுகிறவனுக்கு, அவன் கேளாமலே சிகிச்சையும் சேர்ந்து போகிறது. விரிக்கும் மருந்து மட்டும் ஆஸ்த்துமாவுக்குப் போதாது என்று 2019-இல் சர்வதேச வழிகாட்டுக் குழுவினர் தீர்மானமாகச் சொன்னார்கள்.

நம் வீடுகளிலோ, "இன்ஹேலர் பிடித்தால் பழகிவிடும்" என்ற பயம் இன்னும் போகவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் உலகம் விஷப்புகையை உறிஞ்சியது, அப்போது அஞ்சவில்லை. அளந்து கொடுக்கிற நுண்துளிக்கு அஞ்சுகிறோம். இந்தப் பயத்தால், மூச்சுக்குத் தவிக்கிற குழந்தைக்கு மருந்து தாமதமாகுமானால், அந்தத் தாமதத்துக்குக் குழந்தை அல்லவா விலை கொடுக்கவேண்டும்?