அளவும் அண்டையும்: தனிநாட்டு விவாதங்களில் சிறிய நாடுகளை ஒப்பிடும் முறை குறித்து

1962 மே 1 அன்று மாநிலங்களவையில் பேசிய அண்ணா, திராவிட நாடு பிரிந்தால் அது சிறிய, கட்டுக்கோப்பான, ஒருமித்த உணர்வுடைய நாடாக அமையும் என்றார். பொருளாதார வளர்ச்சியும் சமூக மறுமலர்ச்சியும் அப்போது விரைவில் கைகூடும் என்பது அவர் வாதம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர் காஞ்சிபுரம் தொகுதியில் தோற்றிருந்தார். அவருடைய கட்சியோ சட்டமன்றத்தில் 15 இடங்களிலிருந்து 50 இடங்களுக்கு உயர்ந்திருந்தது. பிரிவினை கேட்கும் ஒருவர் நாடாளுமன்றத்தில் நின்று 'சிறிய நாடாக இருப்போம்' என்று பெருமிதத்தோடு சொன்னதுதான் அந்த உரையில் ஆய்வாளர் முதலில் கவனிக்க வேண்டியது.

ஏனெனில் எண்ணிக்கையில் அது சிறிய நாடே அல்ல. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களிலும் வாழ்ந்தோர் ஏறத்தாழ 11 கோடி. அன்றைய ஜப்பானில்கூட அத்தனை பேர் இல்லை. இந்தியாவின் பக்கத்தில் வைத்தால்தான் திராவிட நாடு சிறியது. அண்ணாவின் வாதத்துக்குப் பரப்பளவு தேவைப்படவில்லை. நான்கு மொழியினருக்கும் பொதுவான ஓர் உணர்வு தேவைப்பட்டது. அந்த உணர்வு தமிழகத்துக்கு வெளியே வேர்விடவில்லை. 1961-இல் கட்சியை விட்டு வெளியேறிய ஈ.வெ.கி. சம்பத் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: மற்ற மூன்று மாநிலத்தாரும் கேட்காத நாட்டை நாம் மட்டும் கேட்கிறோம் என்பதே அவர் குறை. உலகில் எத்தனை சிறிய நாடுகள் இருந்தாலும் அந்தக் குறைக்கு அவை விடையாகா.

ஆனாலும் தனிநாட்டு விவாதம் எங்கு எழுந்தாலும் அதே பட்டியல் மேடைக்கு வந்துவிடுகிறது. 'பிரிந்து போய்த் தாக்குப்பிடிக்க முடியுமா?' என்று ஒரு தரப்பு கேட்கும். மறுதரப்பு லக்சம்பர்க், மால்டா, சிங்கப்பூர் என்று அடுக்கும். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,058 சதுர கிலோமீட்டர். கிரேக்கத்தின் பரப்பும் கிட்டத்தட்ட அதுவே. இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களைச் சேர்த்தால் ஃபிஜியைவிடச் சற்றுப் பெரிது. கணக்கில் பிழையில்லை. அந்தக் கணக்கு எதை மெய்ப்பிக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஓரளவு மெய்ப்பித்திருக்கும். ஃபிரெட்ரிக் லிஸ்ட் போன்றோர் பெரிய மக்கள்தொகையும் விரிந்த நிலப்பரப்பும் இல்லாத சமூகம் தேசமாக வாழ முடியாது என்று நம்பிய காலம் அது. தேசியம் பற்றிய தம் நூலில் எரிக் ஹாப்ஸ்பாம் அந்த நம்பிக்கையின் வரலாற்றை விரிவாகவே காட்டியிருக்கிறார். 1960 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 1514-ஆம் தீர்மானம் அந்தப் பழைய கதவை அடைத்துவிட்டது: ஆயத்தக் குறைவைக் காரணம் காட்டி விடுதலையைத் தள்ளிப்போடக் கூடாது என்றது. 1964-இல் மால்டாவும், 1968-இல் வெறும் 21 சதுர கிலோமீட்டர் கொண்ட நவ்ருவும் விடுதலை பெற்றன. சிறிய நாடு இருக்க முடியுமா என்ற கேள்விக்கு அத்தோடு விடை கிடைத்துவிட்டது. விடை கிடைத்த கேள்விக்கே நாம் மீண்டும் மீண்டும் சான்று அடுக்குகிறோம்.

பட்டியலின் பெருங்குறை வேறு. பிழைத்த நாடுகள் மட்டுமே அதில் இடம்பெறுகின்றன. பிரிந்து நின்று நிலைக்காத கட்டாங்கா இல்லை, பயாஃப்ரா இல்லை. 1975-இல் இந்தியாவோடு இணைந்த சிக்கிம் இல்லை. அதன் பக்கத்திலேயே இருக்கும் பூட்டான் உண்டு. 1971-இல் பூட்டான் ஐ.நா. உறுப்பினரானது. இரண்டும் இமயமலை முடியாட்சிகள், இரண்டுக்கும் ஒரே பெரிய அண்டை. 1949-இல் பூட்டான் செய்துகொண்ட உடன்படிக்கை அதன் தனித்தன்மையை ஏற்றது. 1950-இல் சிக்கிம் செய்துகொண்டது அதைக் காப்புநாடாக்கியது. இரண்டின் போக்கையும் பிரித்ததில் பரப்பளவுக்கு இருந்த பங்கைவிட அந்தத் தாள்களுக்கு இருந்த பங்கு பெரிது என்றே நான் கருதுகிறேன்.

திருவிதாங்கூர் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1941-இல் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 60 லட்சம், அன்றைய நார்வேயைப் போல இரு மடங்கு. கடற்கரை இருந்தது, மோனசைட் மணல் இருந்தது, வருவாய் இருந்தது. 1947 ஜூன் 11 அன்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் தனிநாடு என்று அறிவித்தார். ஜூலை 25-இல் அவர் வெட்டப்பட்டு உயிர் தப்பினார். அந்த மாதம் முடிவதற்குள் மன்னர் இந்தியாவோடு இணைய இசைந்தார். நார்வேயிடம் இருந்த எதுவோ திருவிதாங்கூரிடம் இல்லை என்றால் அது மக்களின் இசைவு. திவானின் ஆட்சியை எதிர்த்துப் புன்னப்பிரா - வயலாரில் சுடப்பட்டவர்களின் சுற்றத்தாரிடம் திவானின் தனிநாட்டுக்காக உயிரைக் கொடுங்கள் என்று யார் கேட்டிருக்க முடியும்? நாஞ்சில் நாட்டுத் தமிழர்களோ தமிழ்நாட்டோடு சேரப் போராடிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்கப் பரிந்துரை செய்த தேசிய ஒருமைப்பாட்டுக் குழுவுக்கு இதே சி.பி.தான் தலைவர். அதன்வழி 1963-இல் அரசமைப்பின் பதினாறாவது திருத்தம் வந்தது, தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது.

எனவே பட்டியலில் பெயர்களைக் கூட்டுவதில் பயனில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த நாடு அண்டையோடு எந்த நிபந்தனைகளில் வாழ்கிறது என்று எழுத வேண்டும். சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். 1965 ஆகஸ்ட் 9 அன்று அது பிரிந்தது தானாகக் கேட்டு வாங்கிய விடுதலையாக இல்லை. மலேசியாவோடு ஒத்துப்போக முடியாத நிலையில் வந்த பிரிவு. ஜொகூரிலிருந்து தண்ணீர் வராவிட்டால் அந்தத் தீவு தவித்துப்போயிருக்கும். ஆகவே 1961, 1962 ஆண்டுகளின் நீர் ஒப்பந்தங்களுக்கான உறுதிமொழியைப் பிரிவினை உடன்படிக்கைக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். இரண்டாம் ஒப்பந்தம் நாளொன்றுக்கு 25 கோடி காலன் தருகிறது. 2061 வரை நடப்பில் இருக்கும். கழிவுநீரைச் சுத்திகரித்தும் கடல்நீரைக் குடிநீராக்கியும் அந்தச் சார்பைக் குறைக்கச் சிங்கப்பூர் பல பத்தாண்டுகளாகச் செலவிட்டு வருகிறது. சிங்கப்பூரைச் சான்றாகக் காட்டுவோர் இந்த ஒப்பந்தங்களையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

அதே அளவுகோலை நம் மண்ணில் வைத்துப் பார்க்கப் பழையசீவரம் போதும். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் இங்கே கூடுகின்றன. எதிர்க்கரை ஊரின் பெயரே திருமுக்கூடல். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் பாலாற்றைப் பார்ப்பவர் ஆண்டின் பெரும்பகுதி காண்பது அகன்ற மணற்பரப்பைத்தான். ஒரு காலத்தில் ஆற்றுப்படுகையில் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு நீர் கொண்டுபோனார்கள். மணல் அள்ள அள்ள ஊற்று கீழே போயிற்று. இப்போது தடுப்பணை கட்டி, வரும் வெள்ளத்தைத் தேக்கப் பார்க்கிறார்கள்.

348 கிலோமீட்டர் ஓடும் பாலாற்றில் 93 கிலோமீட்டர் கர்நாடகத்தில், 33 ஆந்திரத்தில், மீதி 222 தமிழகத்தில். 1940 ஜூனில் காஞ்சிபுரத்தில் பெரியார் வெளியிட்ட திராவிட நாட்டு வரைபடம் சென்னை மாகாணத்தின் எல்லையை ஒட்டியது. அதன்படி இன்று ஆந்திரத்தில் இருக்கும், ஆறு ஓடும் குப்பம் உள்ளே, ஆறு பிறக்கும் மைசூர் மேட்டுநிலம் வெளியே. 1958-இல் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய 'நாம் தமிழர்' இயக்கம் கேட்ட தமிழர் நாட்டில் குப்பமும் வெளியே போய்விடுகிறது. கேட்கும் நாடு சுருங்கச் சுருங்க, ஆற்றின் அயல்பகுதி நீள்கிறது. ஒருமித்த உணர்வு கூடும். மேட்டிலிருப்பவரின் பிடியும் கூடும். அண்ணா நாடிய நன்மைக்கு இந்த விலை உண்டு. கிரேக்கத்தின் பரப்போடு ஒப்பிடுகையில் இந்த விலை கணக்கில் வருவதே இல்லை.

சிறிய நாடுகளே கூடாது என்பது என் முடிவு அல்ல. ஈழத்தில் 1976 மே 14-இல் நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் 1972 அரசமைப்பில் பறிபோன உரிமைகளிலிருந்து எழுந்தது. அதற்கு ஃபிஜியின் துணை தேவையில்லை. 1977 தேர்தலில் அதை முன்வைத்த கட்சிக்கு 18 இடங்கள் தந்து மக்கள் அதற்கு இசைவும் அளித்தார்கள். திருவிதாங்கூரிடம் இல்லாதது அங்கே இருந்தது. இருந்தும் 2009 மே வரை நடந்தவற்றில் அண்டை நாட்டின் கணக்கும் வல்லரசுகளின் கணக்கும் அந்த இசைவைவிட வலுவாக இருந்தன. அத்தனை உயிர்கள் போன பிறகும் நம் எழுத்துகள் பரப்பளவைப் பற்றியே பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்றியத்துக்குள் இருப்பதும் நீருக்கு உறுதி தந்துவிடவில்லை. 1892-இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ஆற்றுப் பட்டியலில் பாலாறு இருக்கிறது. மேலே புதிய அணை கட்டக் கீழ்ப்பகுதியின் இசைவு வேண்டும் என்கிறது அது. அப்படியிருந்தும் கணேசபுரத்தில் ஆந்திரம் அணை கட்ட முனைந்தபோது 2006-இல் தமிழகம் உச்சநீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. தனிநாட்டுக்கு அந்த நீதிமன்றம் இல்லை, உடன்படிக்கைதான் வழி. அதற்கும் சான்று இருக்கிறது: பகை நாடுகளான இந்தியாவும் பாகிஸ்தானும் 1960-இல் உலக வங்கியின் துணையோடு சிந்து நதி உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. மூன்று போர்களைத் தாண்டி நின்ற அந்த உடன்படிக்கையை 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது. கீழே இருக்கும் பாகிஸ்தானோ 20 கோடிக்கு மேல் மக்கள் வாழும், அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடு.