கால்வாய்க்காகப் பேனா எடுத்த படை அதிகாரி

சென்ற வாரம், 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய ரயிலின் கதையைப் பார்த்தோம். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1854இல், இந்தியப் பொதுப்பணிகளைப் பற்றி ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் கம்பெனிப் படையின் மதராஸ் பொறியாளர் பிரிவு அதிகாரி ஆர்தர் காட்டன். இந்த நாட்டுக்கு முதல் தேவை தண்ணீர். பாசனமும் படகுப் போக்குவரத்தும் ஒரே கால்வாயில் நடக்கும்போது, தண்டவாளத்தில் பணத்தைக் கொட்டுவானேன் என்பது அவர் வழக்கு.

1821இல் பதினெட்டு வயதில் சென்னைக்கு வந்தவர் அவர். கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் 1836இல் மேலணை கட்டினார். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று வெளிப்படையாகவே எழுதினார். எனக்கு அவர்மேல் மதிப்பு பிறந்த இடம் அதுதான். 1852இல் கோதாவரியில் தவளேஸ்வரம் அணை முடிந்தது. கோதாவரி மாவட்டங்களில் இன்றும் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை உண்டு.

ரயிலைத் தெரியாமல் பேசியவரும் அல்லர். 1837இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம்வரை சாலைக்குக் கல் ஏற்றிவரப் போட்ட தண்டவாளம், இந்தியாவின் முதல் ரயில் பாதை, அவர் முயற்சியில் வந்ததே.

அவர் வாதத்துக்கான சான்று வடசென்னையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பேசில் காக்ரேன் என்ற வணிகர் 1806இல் எண்ணூர்வரை கால்வாய் வெட்டி முடித்திருந்தார். திருவொற்றியூர்ப் பக்கமாகப் போகும் அந்தத் தண்ணீர் வழியில் உப்பும் விறகும் படகுபடகாக வந்தன. உப்புக் கொட்டாரங்களும் விறகுத் தொட்டிகளும் அதை நம்பியே பிழைத்தன. 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே நீட்டிக்கொண்டே போய்க் கிருஷ்ணா கால்வாய்களோடு இணைத்தது.

அப்படியும் அரசு ரயிலின் பக்கமே சாய்ந்தது. காரணம் கணக்கில் இருக்கிறது. ரயில் கம்பெனிகளின் முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி நிச்சயம் என்று அரசு உறுதி தந்தது. ரயிலில் நட்டம் வந்தாலும் லண்டன் பங்குதாரருக்கு வட்டி போய்ச் சேரும். ஈடுகட்டுவது இந்திய விவசாயியின் வரிப்பணம். காட்டன் தாக்கியது இந்த ஏற்பாட்டைத்தான். 1861இல் சர் பட்டம் பெற்ற மனிதர், பட்டம் கொடுத்த அரசையே துண்டுப் பிரசுரங்களில் விடாமல் விமர்சித்தார்.

1876 முதல் 1878வரை தாதுவருஷப் பஞ்சம். கப்பல்களில் வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. அதை உள்நாட்டுக்கு ஏற்றிச் செல்ல ரயிலால் ஈடுகொடுக்க முடியவில்லை. உள்ளூர்களிலோ லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். தானியம் இருந்த இடத்திலும் விலை கொடுக்க வழியில்லை. கிழவரான காட்டன் சென்னைப் பஞ்சத்தைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கடிதமும் அதில் இணைந்திருந்தது. பயிருக்குத் தண்ணீர் கொடுத்திருந்தால் தானியத்தைச் சுமந்து வரவேண்டிய நிலையே வந்திருக்காது என்பது அவர் கோபம். அதில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் எழுபத்தைந்து வயதில் போய் நின்றார். குழு அவர் திட்டங்களை ஏற்கவில்லை. எதிரிகள் கையில் வலுவான ஆயுதம் ஒன்று இருந்தது: அவர் யோசனையில் பிறந்த சென்னைப் பாசனக் கம்பெனியின் கர்நூல் – கடப்பை கால்வாய். செலவு மதிப்பீட்டை மீறி எகிற, வருமானம் வராமல் போக, 1882இல் அரசே அதை விலைக்கு வாங்க நேர்ந்தது. டெல்டாவின் சமவெளிக் கணக்கைக் கரடுமுரடான ராயலசீமையில் போட்டுப் பார்த்தார். இந்த இடத்தில் அவர் தவறியது உண்மை.

ஆனால் அதே பஞ்ச காலத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கச் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாயை நிவாரண வேலையாக வெட்டியவர்கள் பட்டினியில் வாடிய கூலிகளே. வடக்கிலிருந்து வந்த தண்ணீர் வழி தெற்கோடு சேர்ந்தது. ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது.

காட்டன் 1899இல் இங்கிலாந்தில் காலமானார். அந்தக் கால்வாயை நம்பி வாழ்ந்த எண்ணூர் உப்பளத் தொழிலாளர்களை அடுத்த வாரம் சந்திப்போம்.