உயிரோடிருந்தும் ஏட்டில் இல்லாதோர்

"அசரத்து, நான் மவுத்தாப் போயிட்டேனாம்ல. ஆபீசுல சொல்றாக."

எங்கள் மஹல்லாவின் நன்னிமா ஒருவர் மதரஸா வாசலில் நின்று இப்படிச் சொன்னபோது முதலில் சிரித்தவரும் அவரே. அவருடைய முதியோர் ஓய்வூதியம் நின்று நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. 1962ஆம் ஆண்டு காமராசர் ஆட்சியில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய உதவி அது. 2023இல் அது 1,200 ரூபாயானது. அவருக்கு மருந்தும் அதுவே, வெற்றிலையும் அதுவே.

ஜப்பானில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2010ஆம் ஆண்டு ஜூலையில், டோக்கியோவில் 111 வயதுடையவர் என ஏட்டில் இருந்த ஒருவரைத் தேடிச் சென்றனர். அவர் இறந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் அந்நாட்டின் குடும்பப் பதிவேடுகளை ஆராய்ந்ததில், நூறு வயது கடந்தும் இருப்பிடம் தெரியாதோர் 2,34,000க்கும் மேல். ஏடு அங்கே இறந்தோரை வாழவைத்தது. நம் நாட்டிலோ, உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கட் மாவட்டத்து லால் பிகாரியை அவருடைய இளம் வயதிலேயே நில ஆவணத்தில் இறந்தவராக்கிவிட்டனர். தாம் உயிரோடிருப்பதை நிறுவ அவர் 1994 வரை போராட நேர்ந்தது. இளைஞருக்கே அந்தக் கதியென்றால் நடக்கவியலாத கிழவி என்ன செய்வார்?

முதியோரைத் தேடிச் சென்று உதவுவது அரசின் கடமை என்பது நமக்குப் புதிதன்று. வாசலில் யாசித்த பார்வையற்ற முதிய யூதர் ஒருவரைக் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அவருக்கு பைத்துல்மாலிலிருந்து கொடுக்கச் செய்தார்கள் என இமாம் அபூயூசுஃப் (ரஹ்) 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிந்துள்ளார். அவரிடம் எவரும் பிறப்புச் சான்று கேட்டதாகச் செய்தியில்லை.

சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1899ஆம் ஆண்டே சட்டம் வந்தது. ஆயினும் வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த எத்தனையோ பெண்மக்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 1980இல் கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது, ஊரில் ஒவ்வொருவரையும் முகம் பார்த்து அறிந்திருந்தவர்களும் போயினர். (அவர்களின் ஆட்சியை நான் புகழவில்லை, அதன் கொடுமையை எங்கள் அத்தா நிறையச் சொல்லியிருக்கிறார்.) ஆதார் வந்தபோது, பிறந்த நாள் தெரியாத இம்முதியோர் பலருக்கு ஜனவரி 1 என்று எழுதிவிட்டனர்.

நன்னிமாவுக்குத் துணையாக எஞ்சியிருந்தது ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1864இல் காஜிகளை நியமிக்கும் பொறுப்பைக் கைவிட்ட ஆங்கில அரசு, 1880இல் காஜிகள் சட்டத்தின் மூலம் அந்த நியமனத்துக்கு மீண்டும் வழிசெய்தது. அச்சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்ததே சென்னை மாகாணத்தில்தான். மதுரையின் காஜிமார் தெரு அந்த மரபைப் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. எங்கள் தப்தரைப் புரட்டினோம். ஹிஜ்ரி 1371, ஷஃபான்; மணமகள் வயது 16. அந்த ஆண்டு 1952. ஆக, நன்னிமாவுக்குத் தொண்ணூறை நெருங்குகிறது.

நகலுடன் சென்றோம். அலுவலர் கவனமாகப் படித்தார். "இது கல்யாணம் நடந்ததுக்குத்தான் ஆதாரம். இப்ப உயிரோட இருக்காங்கன்னு இதுல எங்க இருக்கு?" என்றார். ஆட்டோவில் அமர்ந்திருந்த நன்னிமாவை இறக்கி, இருவர் தாங்கி, அவர் மேசைமுன் நிறுத்தினோம். விரல் ரேகை தேய்ந்து, கருவி மும்முறை மறுத்தது. நான்காம் முறை ஏற்றது.

மூன்று மாதம் கழித்து ஓய்வூதியம் மீண்டும் வந்தது. இடையில் நின்ற மாதங்களின் தொகை இன்னும் வரவில்லை.