விலக்கப்பட்ட கதையும் பேசப்படாத வரலாறும்: இஸ்ரேலின் ஸ்டாலாக் நூல்கள்

முன்னுரை

பாலுணர்வுப் பொழுதுபோக்கு எழுத்தில் விலக்கப்பட்ட கதைக்களங்கள் செல்வாக்குப் பெறுவதற்கு மீறலின் கிளர்ச்சியே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. ஆயின், எல்லா விலக்குகளும் எல்லாக் காலத்திலும் விற்பனையாவதில்லை. ஒரு குறிப்பிட்ட விலக்கு ஒரு குறிப்பிட்ட காலத்தில் வாசகரை ஈர்ப்பது ஏன் என்பதே வரலாற்று வினா. 1960களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் பரவிய 'ஸ்டாலாக்' நூல்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கதையமைப்பு

ஸ்டாலாக் என்பது ஜெர்மானியப் போர்க்கைதி முகாமைக் குறிக்கும் சொல். மலிவு விலையில் எபிரேய மொழியில் வெளிவந்த இந்நூல்களின் கதை பெரும்பாலும் ஒரே வார்ப்பினது. சிறைப்பட்ட அமெரிக்க அல்லது பிரித்தானிய விமானியை நாஜிப் பெண் காவலர்கள் பாலியல் வதைக்கு உள்ளாக்குவர். இறுதியில் அவன் தப்பிப் பழிதீர்ப்பான். உண்மையில் போர்க்கைதி முகாம்கள் இத்தகைய பெண் காவலரின் ஆளுகையில் இருந்ததில்லை. கதைகளில் யூதரும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. எழுதியோர் இஸ்ரேலியரே எனினும், ஆங்கிலப் புனைபெயர்களில், மொழிபெயர்ப்பு நூல்கள் போலவே இவை வெளியிடப்பட்டன.

காலச்சூழல்

முகாம்களில் நிகழ்ந்த பாலியல் கொடுமையைக் கா-செட்னிக் என்னும் புனைபெயரில் எழுதிய யெஹியேல் தினூரின் 'பொம்மைகளின் வீடு' 1953இலேயே புனைவுப் பொருளாக்கியிருந்தது. 1961 ஏப்ரலில் எருசலேமில் அடால்ஃப் ஐக்மன் மீதான விசாரணை தொடங்கியது. பல குடும்பங்களில் பேசப்படாதிருந்த துயரை உயிர்தப்பியோர் மன்றத்தில் உரைத்தனர். வானொலி அதனை வீடுதோறும் சேர்த்தது. அவ்வாண்டிலேயே ஸ்டாலாக் நூல்களும் கடைகளுக்கு வந்தன. உயிர்தப்பியோரின் பிள்ளைகளும் அவற்றைப் படித்தனர். பெற்றோரிடம் கேட்க இயலாத வினாக்களை அயல்நாட்டு வீரன் ஒருவனின் கதை வழியாக அணுக முடிந்தது. அயல்மொழி ஆசிரியர், அயல்நாட்டுக் கதைமாந்தர் என்னும் இரு திரைகளே விலக்கின் அருகில் செல்ல இடமளித்தன. பழிதீர்க்கும் முடிவோ, வரலாறு மறுத்த நிறைவைத் தந்தது.

பின்னர் ஆபாசக் குற்றச்சாட்டில் பதிப்பாளர்கள் தண்டிக்கப்பட்டனர். சில ஆண்டுகளுள் இவ்வகை நூல்கள் மங்கின.

முடிவுரை

சமூகம் பேச மறுப்பதும் மறக்க இயலாததும் ஒன்றாகும்போது, விலக்கப்பட்ட கதை சந்தையைப் பெறுகிறது என இதனால் அறியலாம். ஆயின், அக்கதை மௌனத்தைக் கலைப்பதில்லை, உருமாற்றுகிறது. முகாம்களில் பாலியல் வன்முறைக்கு ஆளானோருள் பெரும்பாலோர் பெண்கள். ஸ்டாலாக் நூல்களிலோ பெண்ணே வதைப்பவள், ஆணே வதைபடுபவன். உண்மையில் துன்புற்ற பெண்களின் சாட்சியத்திற்கு அவற்றில் இடமில்லை. எனவே, இத்தகைய எழுத்தை ஆராய்வோர் அது எதனை மீறியது என்பதோடு, எதனை மறைத்தது என்பதையும் கருதுதல் வேண்டும்.