பிடியரிசியும் சிறுகாசும்: திருச்சபை மாதர் சங்கத்தின் எழுதாப் பிரமாணம்

எழுபத்தைந்து ஆண்டு நிறைந்த ஒரு ஸ்தாபனத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், முதற்கண் தலைவர்களின் பட்டியலைத் தேடி எடுத்து, அதன்மேல் விழா மலரைக் கட்டி முடிப்பது நம் நாட்டில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, அடுத்த ஆண்டிலேயே தோன்றிய அதன் பெண்கள் ஐக்கிய சங்கம் 2023இல் பவள விழா ஆண்டை எட்டிய வரலாற்றையும் அவ்வாறே எழுதலாம். எழுதினால், மேலே பேராயரின் துணைவியாரும், கீழே சேகரந்தோறும் குருவானவரின் மனைவியாகிய ஐயரம்மாவும் பெரும்பாலும் தலைமை வகித்துவந்த, பதவி கணவன் வழியாக வருகிற ஓர் அமைப்பே நம் கண்ணுக்குத் தென்படும். அவ்வமைப்புக்கு அடியில் எழுதப்படாத பிரமாணம் ஒன்று உண்டு என்பதும், அது அடுக்களையில் ஒரு பிடி அரிசியால் நிலைநாட்டப்பட்டது என்பதுமே இங்கு நான் நிறுவ முயல்வன.

கணவன் வழிப் பதவிக்கு முன்மாதிரி ஆங்கில நாட்டிலேயே கிடைக்கிறது. 1876இல் ஹாம்ப்ஷயர் பிரதேசத்து ஓல்ட் ஆல்ரெஸ்ஃபோர்ட் என்னும் சிற்றூரில் அன்னையர் சங்கத்தைத் தொடங்கிய மேரி சம்னர் அவ்வூர்க் குருவின் மனைவி. பிற்காலத்தில் ஒரு பேராயரின் மனைவி. முதற் கூட்டத்திற்குத் தாய்மார் வந்து அமர்ந்த பின்னரும் பேச நா எழாமல், அடுத்த வாரம் வாருங்கள் என்று அவர்களை அனுப்பிவிட்ட அந்த அம்மையாரே, 1885இல் போர்ட்ஸ்மத் நகரில் கூடிய திருச்சபை மாநாட்டில் திரளான பெண்களுக்குப் பிரசங்கித்தார். சங்கம் விரிந்து பரவியது அதன் பிறகே. (ஜெபக் கூட்டத்தில் முதன்முறையாக எழுந்து நிற்கும் எவளுக்கும் இச்செய்தி ஆறுதலாகும்.)

நம் பக்கத்துச் சரித்திரமோ மனைவி என்னும் தகுதியோடு தொடங்கவில்லை. 1780இல் பாளையங்கோட்டையில் நாற்பது பேர் அடங்கிய சபைப் பட்டியல் எழுதப்பட்டபோது, அதன் தலைப்பில் நின்ற பெயர் கிளாரிந்தா என்னும் பிராமண விதவையினுடையது. ஆங்கிலப் படை அதிகாரி ஒருவருடன் மணமின்றி வாழ்ந்தமையால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு முதலில் ஞானஸ்நானம் மறுத்து, 1778இல்தான் அளித்தார். கிளாரிந்தாவின் முயற்சியால் எழுந்து 1785இல் பிரதிஷ்டையான ஆலயத்தை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தனர். எந்தக் கணவனின் பதவியும் அவரை முதல்வராக்கவில்லை. அவர் செய்த காரியமே ஆக்கிற்று.

ஆயினும் கிளாரிந்தாவிடம் செல்வம் இருந்தது. செல்வமில்லாதவள் என்ன செய்தாள்? உலை வைக்குமுன் அன்றைய அளவிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு, அது சேர்ந்ததும் ஆலயத்தில் கொண்டுபோய்க் கொட்டினாள். நெல் களத்தில் கிடக்கும்வரை ஆண்மகனின் உடைமை. அரிசியாகி அடுக்களைக்குள் வந்தபின் அதை அளப்பவள் அவளே. ரொக்கத்தைக் கையால் தொட்டறியாத ஒருத்தி, எவர் உத்தரவையும் எதிர்பாராமல், நாள் தவறாது கொடுக்கக்கூடிய ஒரே நாணயம் அந்தப் பிடிதான். இவ்வழக்கம் மிஷனரிமார் கப்பலேற்றிக் கொண்டுவந்த சரக்கன்று. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் வற்புறுத்திய பிடியரிசித் திட்டமும் இவ்வகையதே. மிசோரத்துச் சபைப் பெண்களும் 1910 முதல் ஒரு பிடி அரிசியாலேயே தங்கள் ஊழியத்தைத் தாங்கிவருகின்றனர்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். வீட்டில் கடைசியாக உண்பவள் எடுத்துவைத்த பிடி அவளுடைய சோற்றிலிருந்தே குறைந்ததன்றோ? அதைத் தியாகம் என்று புகழ்வது பசிக்குப் பட்டுச் சாத்துவதாகாதோ? சேர்ந்த பணத்தைச் செலவிடும் அதிகாரமும் நெடுங்காலம் ஆடவர் நிறைந்த கமிட்டியிடமே இருந்ததன்றோ? இவற்றை நான் மறுக்கவில்லை. கொடுக்கும் உரிமையும் செலவிடும் உரிமையும் ஒன்றல்ல. முன்னது கைவந்தபின் பின்னதைக் கேட்கும் துணிவு பிறக்கும் என்பதளவே என் வாதம்.

இந்தப் பிடியரிசிப் பிரமாணம், பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ்க் குடும்பங்களோடு பம்பாய்க்கு வந்தபோது சோதனைக்குள்ளாயிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்து தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் குடியேறிய குடும்பங்களுக்குக் களமும் இல்லை, குதிரும் இல்லை. 1943இல் நகரில் ரேஷன் முறை வந்தபின் அரிசி கார்டுக்கு இவ்வளவு என்று அளந்தே கிடைத்தது. ஊரில் விளைச்சலிலிருந்து எடுக்கப்பட்ட பிடி இங்கே அளவிலிருந்து எடுக்கப்படுவதாயிற்று. அரிசியைக் காட்டிலும் காசே எளிதென்னும் நிலை நகரத்தில் நேர்வது இயற்கை.

அக்காசுக்கும் ஒரு பிரமாணத்தை வகுத்தவர் ஓர் இந்தியப் பெண்மணியே. 1956இல் ஆசிய நாடுகளில் சமாதானப் பயணம் சென்ற மாதர் குழுவில் இருந்த சாந்தி சாலமன், கொரியாவுக்குள் அனுமதி மறுக்கப்பட்டுப் பிலிப்பைன்ஸில் தங்க நேர்ந்தபோது, ஒவ்வொரு நாட்டுப் பெண்ணும் ஜெபத்தோடு தன் நாட்டின் மிகச் சிறிய நாணயத்தை எடுத்துவைக்கட்டும் என்னும் யோசனையைக் கண்டார்; அதிலிருந்து எழுந்ததே மிகச் சிறிய நாணயத்தின் ஐக்கியம். செல்வ நாட்டாளும் வறிய நாட்டாளும் சமமாவதற்காகவே தொகை அத்தனை சிறிதாக வைக்கப்பட்டது. பிடியரிசியின் தர்மமும் இதுவே. கை பெரிதாயிருக்கலாம், பிடி ஒன்றுதான். அன்று நம் நாட்டில் ரூபாய்க்கு அறுபத்துநான்கு காலணா; 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது; 2011 ஜூன் 30உடன் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாமற்போயின. இன்று செம்பூரிலோ தாராவியிலோ ஒரு பெண் தன் நாட்டின் மிகச் சிறிய காசைத் தேடினால், எந்தக் கடைக்காரரும் வாங்க விரும்பாத ஐம்பது பைசாவே அகப்படும்.

ஆகவே பவள விழா மலர்களை மாத்திரம் சான்றாகக் கொள்வது போதாது. சேகரங்களில் பொருளாளர்கள் கோடு போட்ட நோட்டில், இன்னார் இத்தனை படி என்று பென்சிலால் குறித்துவைத்த கணக்குகளே இச்சங்கத்தின் மூல ஆவணங்கள். மும்பையில் பத்தடி அறைகளில் குடியிருப்போர் பழைய நோட்டுகளை நெடுநாள் வைத்திருப்பதில்லை; ஆராய்ச்சியாளர் போய்ச் சேருமுன் பழைய காகிதம் வாங்கும் ரத்திக்காரர் எடைபோட்டு வாங்கிப் போய்விடுகிறார்.