பழவேற்காட்டுக் கோட்டை மேடும் கல்லறைத் தோட்டமும்

பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டில், ஏரியை அடுத்து முட்புதர் மூடிக் கிடக்கும் மேட்டு நிலமே ஒல்லாந்தரின் கெல்டிரியாக் கோட்டை நின்ற இடமாகும். ஊர்ப்பெயரும் முள்மரத்தொடு தொடர்புடையதே. வேல் என்பது வேலமரம். அது காடு என்பதனோடு புணருங்கால் லகரம் றகரமாய்த் திரிந்து வேற்காடு என நின்றது. திருவேற்காடு என்னும் பெயரும் இவ்வாறு அமைந்ததே என்க.

சந்திரகிரியிலிருந்து ஆண்ட வேங்கடபதிராயரின் இசைவு பெற்று ஒல்லாந்தர் 1610-இல் இங்கு நிலைகொண்டனர். 1612-இல் போர்த்துக்கீசியர் தாக்கியபின், 1613-இல் கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்திற்கு இதுவே நடுவிடம். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முடிவாக வந்தது.

கோட்டை அழிந்தது, கல்லறைத் தோட்டம் எஞ்சியது. அதன் வாயிலின் இருமருங்கும் எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. உள்ளே, குடிச்சின்னங்களும் ஒல்லாந்த எழுத்துகளும் பொறித்த பதினேழாம் நூற்றாண்டுக் கற்கள் பல. அலெக்சாந்தர் ரீ 1897-இல் வெளியிட்ட நூலில் இவற்றை வரைபடங்களுடன் பதிவு செய்தார். தமிழ் மாணவர் பலர் இவற்றை அயலார் பொருளென ஒதுக்கி, ஐரோப்பிய வரலாற்றினர்க்கே விட்டுவிடுகின்றனர். இது பொருந்தாது என்பது நம் கருத்து.

நம் நடுகல்லில் வீரன் படைக்கலம் ஏந்தி உயிர்ப்போடு நிற்பான். தொல்காப்பியம் காட்சி முதலாகக் கூறும் துறைகள் அவன் புகழை நிறுத்துவன. பழவேற்காட்டு வாயிலோ புகழைக் காட்டாது உடலின் முடிவைக் காட்டுகின்றது. நம் மரபில் இதற்கு இனமாவது வெட்சியன்று, நிலையாமை பேசும் காஞ்சியே.

இவ்வொப்புமை வெறும் கற்பனையன்று. 1632 முதல் 1642 வரை இவ்வூரில் சமயகுருவாயிருந்த ஆபிரகாம் ரோஜேரியுசு, பத்மநாபன் என்னும் அந்தணர்பால் இந்நாட்டுச் சமயநெறிகளைக் கேட்டறிந்தார். பர்த்ருஹரியின் மூன்று சதகங்களுள் நீதி, வைராக்கியம் என்னும் இரண்டும் அவர் வழியே ஒல்லாந்த மொழிக்குச் சென்றன. அந்தணர் விளக்கியது போர்த்துக்கீசிய மொழியில். இருவர்க்கும் பொதுமொழியாய் உதவியது அதுவே! உலகப்பற்றின் பயனின்மையைப் பாடும் சதகமும் அதனையே கல்லில் காட்டும் வாயிலும் ஒரே ஊரில், ஒரே நூற்றாண்டில் அமைந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென நாம் கூறவில்லை. இரண்டையும் ஒருங்கு வைத்துப் படித்தல் வேண்டும் என்பதே கூறுகின்றோம்.

அவ்வாறு படிப்பார்க்குக் கற்கள் சொல்லாதனவும் புலப்படும். ஒல்லாந்தர் செல்வம் இக்கரை நெசவாளரின் துணியால் வளர்ந்தது. இத்துறையிலிருந்து அடிமைகளும் பத்தாவியாவிற்குக் கப்பலேற்றப்பட்டனர். வணிகர்க்கும் அவர் மனைவி மக்கட்கும் பெயர் பொறித்த தோட்டத்தில் இவர்க்கு ஒரு கல்லும் இல்லை.

ரோஜேரியுசும் இங்கு அடக்கம் பெறவில்லை. தாயகம் மீண்ட அவர் 1649-இல் இறந்தார். அவர் நூல் லெய்டன் நகரில் அச்சேறியது 1651-இல்.