பழைய வாள்: நிலையும் குறைகளும் அறிதல்

ஒரு பழைய வாளில் அலகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, அதிலுள்ள குறைகளில் எவை பட்டறையில் வந்தவை, எவை சண்டையில் பட்டவை, எவை பின்னால் வந்தவர்கள் செய்தவை என்று பிரித்தறியும் கலை. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் பார்க்கக் கிடைக்கும் வாள்களில் கடைசி வகைச் சேதம்தான் மிகுதி. துரு தின்றதைவிட, துருவைப் போக்கக் கிளம்பிய உப்புத்தாள் தின்றது அதிகம்.

இந்தக் கலைக்கு மிக நுணுக்கமான சொல்வளம் ஜப்பானியருடையது. வெட்டுவாயிலிருந்து உள்நோக்கி ஓடும் விரிசலுக்கு ஹகிரே என்று பெயர். மடித்து அடித்த இரும்பின் அடுக்குகளுக்கிடையே ஒட்டாமல் நின்ற கொப்புளம் ஃபுகுரே. அடுக்கு வாய்பிளந்தால் வாரே. வளைந்த வாளை நிமிர்த்தும்போது விழும் சுருக்கம் ஷினாயே. குழியை மறைக்க வைத்த இரும்பு ஒட்டு உமேகனே. முனையில் விழும் ஒருவகை விரிசலுக்குக் காக்கை வாய் என்று பொருள்படும் பெயர்கூட உண்டு. பொது இடத்தில் வாள் அணிவதை ஜப்பானிய அரசு 1876ல் தடைசெய்தது. ஆனாலும் வாள் தீட்டுவோரின் மரபு அறுந்துபோகவில்லை. 1948ல் நிறுவப்பட்ட கலை வாள் பாதுகாப்புச் சங்கம் இன்றும் வாள்களைச் சோதித்துத் தரம் பிரித்துச் சான்று வழங்குகிறது.

நம் பக்கம் நடந்தது வேறு. 1855ல் தஞ்சை மராட்டிய அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்ட பின், அரண்மனை ஆயுதசாலையின் பெரும்பகுதி 1860களில் திருச்சியில் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில மட்டும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சென்னை மாகாண அதிகாரியாயிருந்த எம். ஜே. வால்ஹவுஸ் இதைப் பற்றி 1878ல் ஒரு கட்டுரை எழுதினார். இந்திய ஆயுதச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். வாள்கள் போனதோடு, அவற்றின் குறைகளுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த கைகளும் போயின. அதனால் இன்று தஞ்சை வாளைப் பார்ப்பவருக்கும் ஜப்பானியச் சொற்கள் துணைக்கு வேண்டியிருக்கின்றன.

வெட்டுவாயும் முதுகும்

முதலில் பார்க்க வேண்டியது வெட்டுவாய். வாளைக் கிடையாகப் பிடித்து, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு வைத்து, அலகை மெல்லத் திருப்ப வேண்டும். பல் விழுந்த இடம் உடனே தெரிந்துவிடும். அது பெரிய குறையல்ல. வேலை செய்த வாளின் அடையாளம். விரிசல் அப்படித் தெரியாது. ஒளி ஒரு கோணத்தில் படும்போது மட்டும் மயிரிழை போல ஒரு கோடு மின்னி மறையும். குறுக்கே நகத்தை வைத்து இழுத்தால் சில நேரம் தட்டும். கீறல் என்றால் மேற்பரப்போடு நின்றுவிடும். விரிசல் என்றால் வெட்டுவாயைக் கடந்து மறுபக்கத்திலும் அதே இடத்தில் இருக்கும். இதற்கு மருந்தில்லை. ஜப்பானில் ஹகிரே உள்ள வாள் தன் மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

அலகைத் தட்டி ஓசை கேட்பது கொல்லர் வழக்கம். தென்னிந்திய வாளில் அதை மட்டும் நம்பக் கூடாது. அலகின் அடிப்பகுதியைப் பிடிக்குள் செருகி அரக்கு ஊற்றித்தான் பொருத்தியிருப்பார்கள். அரக்கு காய்ந்து நொறுங்கியிருந்தால் நல்ல அலகும் மங்கலாகத்தான் ஒலிக்கும். பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும். புதிய பிசின் கொண்டு ஒட்டிய பிடி என்றால், அந்தப் பிடி இந்த அலகுக்கு உரியதுதானா என்ற கேள்வியும் எழும்.

சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த வாளை அலகின் நடுவே ஓடும் காடி காட்டிக்கொடுக்கும். காடியின் ஒரு கரை வெட்டுவாயை நெருங்கி வந்திருந்தால், இடையிலிருந்த இரும்பு கரைந்துவிட்டது என்று பொருள். முனைக்கு முன்பே முடிய வேண்டிய காடி முனை வரை ஓடி வெளியேறினால், முனை ஒடிந்து, மறுபடி தேய்த்துக் கூராக்கிய வாளாக இருக்கக்கூடும்.

தஞ்சை, மராட்டிய வாள்களில் பல ஃபிரங்கி எனப்படுபவை. ஐரோப்பாவிலிருந்து வந்த அலகுக்கு இங்கே பிடி போட்டவை. இவற்றில் பிடிக்கு அருகே இரும்புப் பட்டை வைத்துத் தறையடித்திருப்பார்கள். அந்தத் தறைத் துளைகளைச் சுற்றிப் பார்க்காமல் வைத்துவிடக் கூடாது. விரிசல் ஒளிந்துகொள்ள வசதியான இடம் அது. ஓடும் ஓநாய் போன்ற ஐரோப்பிய முத்திரை இருப்பதால் மட்டும் அலகு ஐரோப்பாவில் செய்தது ஆகிவிடாது. அந்த முத்திரைகளைப் பலரும் போலியாக வெட்டினார்கள்.

புதுச்சேரியில் இன்னொரு வகையும் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் ஊர் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அலகுகள் பலவற்றின் முதுகில், ஷாத்தெல்ரோ, சேன்தெத்தியேன் போன்ற ஆயுதசாலையின் பெயரும் ஆண்டும் சாய்வெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 1874ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிக் கத்தியிலும் இதைக் காணலாம். எழுத்தின் மெல்லிய இழைகள் மறைந்து, தடித்த கோடுகள் மட்டும் தெரிந்தால், யாரோ முதுகைத் தேய்த்திருக்கிறார்கள்.

உருக்கின் வரி

மூசையில் உருக்கி எடுத்த உயர் கரி எஃகே தென்னிந்தியாவின் பெருமை. இந்த உருக்கு செய்த களங்களில் ஒன்றை, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவலூரில் சாரதா சீனிவாசன் 1990களில் அடையாளம் கண்டார். புதுச்சேரிக்கு அது அதிகத் தொலைவில்லை. இந்த எஃகில் 1 சதவீதத்துக்கு மேல் கரி இருக்கும். அளவான சூட்டில் அடித்தால், நீரில் அலையோடியது போன்ற வரிகள் அலகில் தோன்றும். கொல்லர் சூட்டை மீறவிட்டால் வரி அழிந்துவிடும். தீ விபத்தில் சிக்கிய வாளுக்கும் அதே கதி. வரி தெரியாத அலகை உருக்கு அல்ல என்று தள்ளிவிட முடியாது; மெருகேற்றியதில் அது மறைந்திருக்கலாம். அமிலம் தடவி வரியை வெளிக்கொணர்வது தேர்ந்த பாதுகாப்பாளரின் வேலை. அமிலத்தால் வரைந்த போலி வரி மேற்பரப்பில் மட்டும் நிற்கும். பெரும்பாலும் ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வரும்.

துருவும் கடற்காற்றும்

குருசுக்குப்பம் புதுச்சேரி நகரின் வடக்கே கடலை ஒட்டிக் கிடக்கும் மீனவர் பகுதி. இங்கே ஜன்னல் கம்பிகள் அடுக்கடுக்காக உரிந்து விழுவதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். காற்றில் வரும் உப்பு வாளையும் விடாது. துருவில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். கருமையும் பழுப்புமாக இறுகி, வெள்ளைத் துணியால் துடைத்தாலும் நிறம் விடாதது பழைய துரு. அது அலகுக்குப் போர்வை மாதிரி; சீண்டத் தேவையில்லை. துணியில் செம்மஞ்சளாக ஒட்டுவது உயிருள்ள துரு. மழைக்காலத்தில் குழிகளிலிருந்து சிறு துளிகள் வியர்ப்பது போல எழுந்தால் உள்ளே உப்பு தங்கிவிட்டது. எண்ணெய் பூசினால் மட்டும் அது அடங்காது.

ஜப்பானியர் அலகைக் கண்ணாடியாகத் தீட்டுவார்கள். ஆனால் பிடிக்குள் மறையும் அடிப்பகுதியின் துருவைத் தொடமாட்டார்கள். அந்தத் துருவின் நிறமும் இறுக்கமும் வாளின் வயதுக்குச் சாட்சி. நம் வாள்களுக்கும் இந்த மரியாதை வேண்டும். புளி போட்டுத் துலக்குவது, உப்புத்தாளால் தேய்ப்பது, மின்சாணையில் வைப்பது எல்லாம் பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்யும் உபசாரத்தைவிடக் கொடிய முறையில் இரும்பைக் காயப்படுத்துகின்றன. வெள்ளிபோல் பளபளக்கும் பழைய வாளைக் கண்டால் மகிழ வேண்டாம். ஓரங்களைப் பார்க்க வேண்டும். காடியின் கூர்மையான கரை உருண்டு மழுங்கியிருக்கும்.

கோயில் வாள்களின் நிலை தனி. ஆயுத பூஜையிலும் அம்மன் திருவிழாவிலும் முனையில் குத்தும் எலுமிச்சம்பழத்தின் சாறு அலகில் வழிந்து, கரும் திட்டாகக் கடித்துவிடும். சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு காய்ந்து அடியில் துருவை வளர்க்கும். வழிபாட்டை நிறுத்தச் சொல்வது முறையல்ல. பூஜை முடிந்த அன்றே பழத்தை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசினால் போதும். உறையில் செருகி வைப்பதைக் கடலோர வீடுகளில் தவிர்க்க வேண்டும். மரமும் தோலும் ஈரத்தை இழுத்து அலகோடு அணைத்து வைத்திருக்கும்.

நூறாண்டைக் கடந்த வாள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தின்படி தொல்பொருளாகும். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது.